அத்தை வீட்டில் செல்லு பார்த்த நாள்

கிளேர், லூக்கா,

நீங்கள் கேட்ட ரிப்போர்ட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். படமும் அம்புக்குறியும் ஆங்கிலத்தில் குறிப்பும் இருக்கும். அது வீட்டில் இருக்கிற மரச்சட்டங்களைப் பற்றிய ரிப்போர்ட். அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, உங்கள் அத்தை, என் அக்கா, என்ன சொன்னாள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அதை நான்தான் எழுத வேண்டும்.

தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் என் தப்புகளைத் திருத்துவதிலேயே உங்கள் நேரம் போய்விடும், விஷயம் நிற்காது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். முடியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன், பெரிய தமிழ் ஒன்றும் வராது. பயப்பட வேண்டாம்.

1

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அத்தையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுச்சேரியில், நெல்லித்தோப்பில், மழை விட்டிருந்தது. அத்தைக்குப் பின்னால் தரையெல்லாம் ஏதோ பளபளவென்று கிடந்தது. கிளேர், அது கல்யாணத்தில் தூவுகிற காகிதத் துண்டா என்று கேட்டாய். அத்தை சிரித்துவிட்டு, ஈசல் றெக்கை, மழை பெய்தால் வரும், விளக்கைப் பார்த்து வந்துவிடும் என்றாள். விளக்குமாற்றை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு வருஷமும் கூட்டித் தள்ளுவதாகச் சொன்னாள்.

நானும் சின்ன வயதிலிருந்து ஈசலைப் பார்த்தவன்தான். அது வெளியிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். லூக்காதான் உடனே போனில் தேடிப் பார்த்துவிட்டு, ஈசல் என்பது றெக்கை முளைத்த கரையான், வீட்டுக்குள் அவ்வளவு றெக்கை கிடந்தால் புற்று வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்றான். கரையானை எங்கள் பக்கத்தில் செல்லு என்போம். 'செல்லு அரிச்சிடுச்சு' என்று துணிக்கும் காகிதத்துக்கும் சொல்வோம். வீட்டுக்கும் அதைச் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் நாம் சார்செல் வீட்டுச் சமையல் மேசையில் உட்கார்ந்து பேசினோம். அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மரம் கெட்டிருந்தால் வீட்டை விற்றுவிடுவது, அத்தையை ரெட்டியார்பாளையத்தில் ஒரு கீழ்த்தள ஃப்ளாட்டில் வைப்பது. கிளேர் சொன்னாள், லூக்கா சரி என்றான், அம்மா தட்டுகளை எடுத்து அடுக்கினாள், நான் தலையாட்டினேன். அத்தைக்கு வயதாகிறது, பழைய வீடு, நாம் அங்கே பிரான்சில் இருக்கிறோம். தப்பான யோசனை இல்லை. லூக்கா பிரான்சிலிருந்தே புதுச்சேரியில் ஒரு பூச்சி மருந்து கம்பெனிக்குப் போன் போட்டு, ஆங்கிலத்தில் பேசி, நாள் குறித்துவிட்டான். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கல்லறைத் திருநாளையொட்டி வருகிற துஸ்ஸேன் விடுமுறை. எனக்கும் தாத்தா கல்லறைக்குப் போக வேண்டும். டிக்கெட் எடுத்தேன்.

அத்தையிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: ஒருத்தர் வந்து மரத்தையெல்லாம் பார்ப்பார்.

"பாக்கட்டும்" என்றாள்.

2

நான் வந்து இறங்கிய காலையில் வாசக்காலில் கை ஊன்றிச் செருப்பைக் கழற்றினேன். கை ஒட்டிக்கொண்டது. புதுப் பெயிண்ட், கிரீம் கலர். மழைக்காலத்தில் அடித்ததால் காயவில்லை. நாம் வரும்போதெல்லாம் அத்தை வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பாள், உங்களுக்கும் தெரியும். அந்த வாசனைதான் உங்களுக்குப் பாண்டிச்சேரி வாசனை என்று கிளேர் ஒரு தடவை சொன்னாள். அதனால் நான் எதுவும் நினைக்கவில்லை. மண்ணெண்ணெய் வாங்கிக் கை துடைத்தேன். மீந்த பெயிண்டைத் தாத்தா கல்லறைச் சிலுவைக்கும் அடித்துவிட்டதாக அத்தை சொன்னாள். தாத்தாவும் வாசக்காலும் ஒரே கலர்.

முன்னறையைத் திறந்துவிட்டாள். அது நமக்கென்று அவள் வைத்திருக்கிற அறை. தெருப் பக்கம் ஜன்னல், பெரிய கட்டில், மெத்தை. நாம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கும். மெத்தை மேல் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் இருந்தது. நாம் வந்தால் கழற்றுவாள், போனதும் திருப்பி மாட்டுவாள். இந்தத் தடவை நான் ஒருத்தன்தானே, கழற்ற வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டு ஆட்கள் அதை 'பிரான்ஸ் ரூம்' என்பார்கள். அத்தை படுப்பது பின்னறையில், குளியலறைச் சுவரை ஒட்டி.

உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை, நம் வீடு மெத்தை வீடு, அதாவது ஓடு இல்லாமல் தட்டைக் கூரை போட்ட வீடு. கான்கிரீட் கிடையாது. சுவரிலிருந்து சுவருக்கு உத்தரம், உத்தரத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டைகள் வரிசையாக, அதன் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் செருகிச் சுண்ணாம்பு போட்டுக் கட்டியது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் மரம்தான் தெரியும். அந்த மரம்தான் கூரையைத் தாங்குகிறது. அதனால் செல்லு என்பது நமக்குக் கதவு ஜன்னல் சமாசாரம் மட்டும் இல்லை.

3

நாம் சார்செல்லில் ஃப்ளாட் வாங்கினபோது ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். சுவர் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா, மின்சாரம் எப்படி, செல்லு இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. பத்திரம் எழுதுகிற நொத்தேர் வேகவேகமாக வாசித்தார். நான் ஒவ்வொரு தாளுக்கும் 'வி, வி', ஆமாம் ஆமாம் என்றேன். கிளேர் பக்கத்தில் உட்கார்ந்து என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடப் பை மடியில் இருந்தது. வீடு வாங்கியது நான், வீட்டைப் பற்றித் தெரிந்தது அவளுக்கு. வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டில் இது எல்லாருக்கும் நடப்பதுதான், இங்கே ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அத்தையை ஒரு தடவை நம்மிடம் கூட்டி வரப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். அம்மா வீட்டார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பம், பிரெஞ்சு நேஷனாலித்தே, அதாவது குடியுரிமை, உள்ளவர்கள். அம்மாவைக் கட்டியதால் நான் அங்கே போனேன். அத்தைக்கு அந்த வழி கிடையாது. அவள் விசாவுக்கு எழுதினோம். திரும்பி ஊருக்கு வருவாள் என்பதற்கு ஆதாரம் வைக்கச் சொன்னார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்தோம். கிடைக்கவில்லை. அத்தை வருத்தப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "நான் அங்க வந்துட்டா வீட்ட யாரு பாத்துக்கறது? நீங்கதான் இங்க வரணும், அதான் மொற" என்று முடித்துவிட்டாள். அப்புறம் நாம் போனோம். முதலில் எல்லாரும், பிறகு மூன்று பேர், பிறகு நானும் அம்மாவும், இப்போது நான்.

4

செல்லு பார்க்க வந்தவர் பெயர் முருகவேல். விழுப்புரம் பக்கத்து ஆள். தொப்பி, டார்ச், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஈரம் பார்க்கிற சின்ன மிஷின். மிஷினில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், சுவரில் குத்தினால் நம்பர் காட்டும். அத்தை காபி கொடுத்தாள். அவர் வேலையை முடித்துவிட்டுக் குடிக்கிறேன் என்றார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

முன்னறையில் ஆரம்பித்தார். ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் உத்தரத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கேட்கிற சத்தம் டண் டண் என்று இருந்தது.

அத்தை கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்பா, தட்டித் தட்டியே வீட்ட இடிச்சிடுவ போலருக்கே."

"நான் தட்டி விழுந்தா அது வீடு இல்லம்மா, பிஸ்கெட்டு."

அத்தையும் சிரித்தாள். முன்னறை முழுக்கத் தேக்கு, வெயில் படுகிற சுவர், ஒரு குறையும் இல்லை என்றார். கூடத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஜன்னல் சட்டத்தில் மட்டும் மாவு மாதிரி கொட்டியிருந்தது. இது உளு என்கிற வண்டு, செல்லு இல்லை, செல்லு மாவு கொட்டாது, மண்ணைக் கொண்டுவந்து பூசும் என்று எனக்குக் காட்டினார். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். லூக்கா, நீ கேட்ட அம்புக்குறி படங்களில் முதலாவது அதுதான்.

பின்னறைக்குப் போனோம். அவர் வாசக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தார்.

"எப்பம்மா பெயிண்ட் அடிச்சீங்க?"

"கல்லறைத் திருநாளுக்குத் தம்பி வருதுல்ல, அதான் இப்ப அடிச்சது."

"இதுக்கு முன்னாடி?"

"இதுக்கு முன்னாடி வந்தப்ப."

"அதுக்கும் முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி வந்தப்ப."

"அப்ப சார் வராத வருஷம் அடிக்கறதில்லியா?"

"யாரு பாக்கறதுக்கு?" என்றாள் அத்தை.

வாசக்காலின் ஒரு பக்கத்தில் புதிதாக ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே. முருகவேல் குனிந்து பார்த்தார். "இந்த ஒயரத்துல காலண்டரு யாருக்கும்மா, பூனைக்கா?"

அவர் காலண்டரைத் தூக்கினார். பின்னால் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் மண் கோடு ஒன்று ஏறிப் போனது, விரல் தடிமனுக்கு. நுனி இன்னும் ஈரமாக இருந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரால் ஒரு இடத்தில் கீறினார். வெள்ளை வெள்ளையாக ஓடின.

"அங்க தட்டாதப்பா" என்றாள் அத்தை. அவர் ஏற்கெனவே தட்டிவிட்டார். டண் என்று கேட்கவில்லை. அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி இருந்தது.

பெயிண்டைச் சுரண்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். சரி என்றேன். கிரீமுக்கு அடியில் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் நீலம். அந்த நீலம் எனக்குத் தெரியும். நாம் நாலு பேரும் ஒன்றாக வந்த வருஷம். கிளேர் காயாத ஜன்னலில் சாய்ந்துவிட்டு, வெள்ளைக் கவுனின் முதுகில் நீலப் பட்டையோடு போட்டோவுக்கு நின்றாள். நீலத்துக்கு அடியில் மரம் வர வேண்டும். வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. மரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் பெயிண்ட் மட்டும் ஓடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"செல்லுக்கு வெளிச்சம் ஆவாது சார்" என்றார் முருகவேல். "பெயிண்டத் தொடாது. உள்ளயே தின்னுக்கிட்டுப் போவும். வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும்."

மேலே ஏறினார். பின்னறை உத்தரங்கள் தேக்கு இல்லை, ஏதோ நாட்டு மரம். தாத்தா காலத்தில் பின்பக்கம் கட்டும்போது கையிருப்பு அவ்வளவுதான் இருந்திருக்கும். குளியலறைச் சுவரில் உட்காருகிற முனையில் இரண்டு உத்தரங்களும் அரித்துப்போயிருந்தன. மிஷினைச் சுவரில் குத்தினார், நம்பர் ஏறிக்கொண்டே போனது. குளியலறையில் எப்போதாவது உடைத்து வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். டைல்ஸ் போட்டோம் என்றாள் அத்தை. அப்போதே உள்ளே குழாயில் அடி பட்டிருக்கும், அன்றிலிருந்து சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது, ஈரம் இருந்தால் செல்லு தானாக வரும் என்றார்.

கட்டிலைப் பார்த்தார். "இங்க படுக்கறது யாரு?"

"நான்தான்."

"இன்னிலேர்ந்து வேணாம்மா. முட்டு குடுக்கற வரைக்கும் இந்த ரூமுல யாரும் படுக்க வேணாம்."

அத்தை உத்தரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. மீன் வாங்கி வைத்தது அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் முருகவேலைத் தெருவுக்குக் கூட்டிவந்து கேட்டேன், மொத்தத்தில் வீடு எப்படி என்று. "வீடு நல்ல வீடு சார். அந்த ஒரு ரூமுதான்" என்றார். குழாயை மாற்ற வேண்டும், சுவரோரமாகத் தரையில் துளை போட்டு மருந்து விட வேண்டும், அந்த இரண்டு உத்தரத்துக்கும் பதில் இரும்பு போட வேண்டும், வாசக்கால் புதிது. இதையெல்லாம் செய்தால் இன்னும் ஒரு தலைமுறைக்குப் பயம் இல்லை. செய்யாமல் விட்டால் சொல்வதற்கில்லை. இந்த இரண்டு வாக்கியமும் ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் லூக்கா, நீ போன் செய்தாய். ஆஸ்பத்திரி டெஸ்ட் மாதிரி, பாசித்தீவா நெகத்தீவா என்று கேட்டாய். இரண்டும் என்றேன். அப்படி வராது அப்பா என்றாய். இங்கே அப்படித்தான் வந்திருக்கிறது.

5

அத்தை சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைச்சாவடியிலிருந்து காலையில் கூடை கொண்டு வருகிற அம்மாவிடம் வாங்கியது, சங்கரா. நான் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். செதில் சட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா முடிவு பண்ணியிருக்கீங்க எல்லாரும்?" என்றாள்.

"என்ன முடிவு?"

"செல்லு இருந்தா வித்துடறதுன்னுதான?"

"யாரு சொன்னதுக்கா?"

"யாரும் சொல்லல. அங்கேர்ந்து ஆளு ஏற்பாடு பண்றீங்க, அவன் வந்து மரத்த மட்டும் பாக்கறான். இதுக்கு மேல வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

நான் ரெட்டியார்பாளையம் ஃப்ளாட்டைப் பற்றிச் சொன்னேன். கீழ்த்தளம், பக்கத்தில் கோயில், மழை ஒழுகாது, தனியாக இருந்தாலும் மேலே கீழே ஆட்கள் இருப்பார்கள் என்று, நீங்கள் மேசையில் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக் கீறல் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் எங்க வேணா இருந்துக்குவேன். ஒரு கட்டிலு, ஒரு அடுப்பு. என்னப் பத்தி இல்ல பேச்சு" என்றாள். "அந்த ஃப்ளாட்டுல நீங்க வந்தா எங்க எறங்குவீங்க? ஓட்டல்ல. ஓட்டல்லதான் தங்கறோம், அப்புறம் எதுக்கு இந்த ஊருன்னு வேற எங்கியாவது போயிடுவீங்க. அதுக்கப்புறம் வரவே மாட்டீங்க."

நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

"ஏன் இல்ல? லூக்கா தங்கலியா?"

லூக்கா, நீ படிப்பு முடிந்து சிநேகிதர்களோடு இந்தியா சுற்ற வந்தாயே, அந்தத் தடவை. கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்தீர்கள். ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் அத்தை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். அத்தையின் சாப்பாட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். நமக்கு அது நல்ல ஞாபகம். அத்தைக்கு அது வேறு மாதிரி நிற்கிறது. அன்றைக்கு உன் சிநேகிதர்களில் ஒருவர் குளியலறைக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்தாராம். சிமெண்டுத் தரை, பாசி பிடித்த தொட்டி. அதைப் பார்த்துத்தான் நீ இங்கே தங்கவில்லை என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். நீங்கள் போன கையோடு ஆள் வைத்துக் குளியலறைக்கு டைல்ஸ் போட்டாள்.

"டைல்ஸ் போட்டேன். அந்தப் புள்ள அப்புறம் வரவேயில்ல" என்றாள்.

இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை லூக்கா. குழாயை உடைத்தது டைல்ஸ் போட்டவர். சிநேகிதர்களோடு வரும்போது விடுதியில் தங்குவது தப்பும் இல்லை. நானும் அதைத்தான் சொன்னேன்.

"வீட்டப் பாத்து இல்லக்கா. அவன் வயசு அப்படி."

"வயசு போயிடுச்சில்ல இப்ப?" என்றாள்.

காலண்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். மண் கோட்டை அவள் மூன்று மாதத்துக்கு முன்பே பார்த்திருக்கிறாள். துடைத்தாள், திரும்ப வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினாள், திரும்ப வந்தது. நான் ஆள் வருவார் என்று போனில் சொன்ன அன்றைக்கு மறுநாளே பெயிண்ட் வாங்கிவந்திருக்கிறாள். மழையில் அடிக்காதீர்கள் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"நல்லாருக்குன்னா வருவீங்க. கெட்டுப்போச்சுன்னா வித்துடுவீங்க. நான் என்னத்தடா பண்ண?"

அவள் எண்ணெயில் மீனைப் போட்டாள்.

6

நான் யோசித்ததை எழுதுகிறேன். நாம் மேசையில் உட்கார்ந்து அத்தையைப் பற்றி முடிவு செய்வதாக நினைத்துக்கொண்டோம். அவள் வீட்டை விடமாட்டாள், பிடிவாதம், பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பேசினோம். அவளுக்கு வீடு வேண்டியிருப்பது நமக்காக. நாம் வந்து இறங்குவதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும் என்று. இதைப் பெரிதாக்கிச் சொல்லவும் எனக்குத் தெரியாது, சின்னதாக்கிச் சொல்லவும் மனம் வரவில்லை.

வீட்டை விற்கப்போவதில்லை. சாப்பிட்டதும் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பசங்கள கேட்டுக்கோ" என்றாள். கேட்கவில்லை, சொல்கிறேன். வீடு அத்தை, நான் இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. கிளேர், உன் யோசனை சரியில்லை என்று இல்லை. வீட்டைப் பற்றிச் சரியாகத்தான் யோசித்தாய்.

குழாய் ஆள் வந்துவிட்டுப் போனார். சவுக்குக் கம்பு கொண்டுவந்து பின்னறைக்கு முட்டு கொடுத்தாகிவிட்டது. மருந்து விடுவதும் இரும்பு போடுவதும் நான் கிளம்பும் முன் ஆரம்பித்துவிடும், முடிவதற்குள் எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மீதியை அத்தை பார்த்துக்கொள்வாள். புது வாசக்காலுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, எண்ணெய் மட்டும் தடவ வேண்டும், வருஷா வருஷம் தட்டிப் பார்க்க வருகிறவருக்கு மரம் தெரிய வேண்டும் என்று சொன்னேன். "அம்மணமா நிக்கட்டும்ங்கற" என்றாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று இதில் கேட்கவில்லை. வந்தால் விடுதியில் தங்கினாலும் தங்குங்கள். ஆனால் பெட்டியோடு முதலில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் விடுதிக்குப் போங்கள். பெட்டியைக் கூடத்தில் வைத்துக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினாலும் போதும். இது ஒன்றுதான் நான் கேட்பது.

ஒரே ஒரு விஷயத்தில் அன்றைக்குச் சண்டை வந்தது. பின்னறையில் படுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. கூடத்தில் பாய் போட்டுக்கொள்வேன் என்றாள். முன்னறையில் படு என்றேன். அது உங்க ரூமு என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குக் கிளம்பினாள். தலை வலிக்கிறது, நான் வரவில்லை என்றேன்.

அவள் தெரு திரும்பியதும் முன்னறை மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். அது மடங்கவில்லை, வெளியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். என் பெட்டியைக் கூடத்துக்குத் தள்ளினேன். பின்னறைக்குப் போய் அவள் தலையணை, போர்வை, மருந்து டப்பா, தண்ணீர்ச் சொம்பு, கண்ணாடிக் கூடு, ஜெபமாலை எல்லாவற்றையும் இரண்டு நடையில் கொண்டுவந்தேன். சேலைகளை அலமாரியிலிருந்து கலைக்காமல் அப்படியே அடுக்கோடு தூக்கி முன்னறை அலமாரியில் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். தெருவில் ஆட்டோ நிற்கிற சத்தம் வந்தது. பின்னறையில் அது கேட்காது, அவளுக்குப் பழக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் முன்னறைக் கட்டிலில் அவள் படுக்கிற மாதிரி சுவர்ப் பக்கமாக ஒருக்களித்து ஒரு தரம் படுத்துப் பார்த்தேன். பிறகு மல்லாந்து உத்தரத்தைப் பார்த்தேன். ஃபேன் சத்தம் போடவில்லை. எழுந்து, தலையணையில் என் தலை பட்ட பள்ளத்தைத் தட்டிச் சமமாக்கினேன்.